தவக்காலத்தை ஈஸ்டர் இரவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் என்ன?

பல்லடம் வழிபாட்டுக்குழு
18 ஜனவரி 2026, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து எங்கள் பக்கம் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. இன்று காலைப் பூசைக்குப் பிறகு பங்கின் வழிபாட்டுக்குழு கூடியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. சரியாக ஒரு மாதம் இருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். எந்த வெள்ளிக்கிழமை எந்த அன்பியம் (பங்கின் தெருவாரிக் குடும்பக் குழு) சிலுவைப்பாதை நடத்துவது, தியானத்துக்கு எந்தச் சாமியை (குருவை) அழைப்பது, பெரிய வெள்ளிக்கு ஆண்டவர் சுரூபத்தை வைக்கும் ஆசந்தியை யார் தூக்குவது, கஞ்சிக்கு எத்தனை கிலோ அரிசி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஈஸ்டர் இரவு பற்றிக் கடைசியில் ஒரே வார்த்தைதான் எழுதப்பட்டது: "வழக்கம்போல."

போன வருடம் அந்த வழக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பங்கில் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்குப் போகும் ஒரு பெண், ஒரு வருடம் மறைக்கல்வி கற்று, பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டர் இரவு வழிபாட்டில், திருமுழுக்குப் பெற்றார். வாசகங்களைக் குறைத்தோம். திருமுழுக்குக்கு நிரலில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். மைக்கில் இருந்தவர் அந்தப் பெண்ணின் பெயரை இரண்டு முறை கேட்டுத்தான் சொன்னார். ஞானத்தாயாக வர வேண்டியவர் வராததால் பக்கத்து வரிசையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினோம். பூசை முடிந்து எல்லோரும் வண்டி எடுக்கப் போய்விட்டார்கள். அவர் ஈரத் தலையோடு கோயில் படியில் தனியாக நின்றிருந்தார். அந்த நிரலை எழுதியவன் நான். ஒன்பது மாதமாக அது மனதை விட்டு அகலவில்லை.

அதனால் ஒரு யோசனை. தவக்காலத்தைத் திருநீற்றிலிருந்து முன்னோக்கித் திட்டமிடாமல், ஏப்ரல் 4 சனிக்கிழமை இரவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் என்ன?

இது நானாகக் கண்டுபிடித்தது அல்ல. 1963இல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, எண் 109, தவக்காலத்துக்கு இரண்டு தன்மைகள் உண்டு என்கிறது. ஒன்று திருமுழுக்கு: பெற்றவர்கள் அதை நினைவுகூர்வது, பெறப்போகிறவர்கள் அதற்குத் தயாராவது. இன்னொன்று தவம். நாம் இரண்டாவதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலாவதை நழுவ விட்டுவிட்டோம். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில், திருமுழுக்குக்குக் காத்திருந்தவர்களுக்குத் தவக்காலம் முழுக்க உட்கார வைத்துப் பாடம் சொன்னார். அந்த உரைகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த நாற்பது நாளில் ஊரே அவர்களோடு சேர்ந்து தயாரானது.

இந்த வருடம் ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டு நடக்கிறது. அது பெரிய வாய்ப்பு. மார்ச் 8 சமாரியப் பெண், மார்ச் 15 பிறவியிலேயே பார்வையற்றவர், மார்ச் 22 இலாசர். தண்ணீர், ஒளி, உயிர். மூன்றுமே திருமுழுக்கை நோக்கிப் போகிற நற்செய்திகள். எங்களிடம் இந்த வருடம் மூன்று பேர் தயாராகிறார்கள்.

கேட்க வேண்டியது இதுதான். இப்படிச் செய்து பார்த்த பங்கு ஏதாவது உண்டா? பாடல், வாசகம், வெள்ளிக்கிழமைகள் இவற்றை எப்படி அமைத்தீர்கள்? ஒன்றரைப் பக்கத்துக்குள் ஒரு திட்டம் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டும்.

கீபோர்டு தம்பி, சோமனூர்
18 ஜனவரி, இரவு 10.15

அண்ணா, அந்தப் படிக்கட்டு விஷயம் படித்து மனசு கனத்துவிட்டது. யோசனை நல்லது. ஆனால் பாடல் பக்கத்தில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

தவக்காலம் என்றதும் "வாசிக்காதே" என்பார்கள். நான் படித்த அளவில் விதி அப்படி இல்லை. திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, எண் 313: தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டும். நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்களுக்கு விலக்கு உண்டு. போன வருடம் எங்கள் பங்கில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். இரண்டாம் ஞாயிறே பாட்டு செத்துப்போனது. பின்வரிசையில் ஒருவர் வாயும் அசையவில்லை. எங்கள் ஜனங்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவார்கள். தாளத்தை எடுத்தால் ஊன்றுகோலை எடுத்த மாதிரி.

கருமத்தம்பட்டி டீச்சர்
19 ஜனவரி, காலை 6.05

தம்பி, நீ சொல்வதில் பாதி சரி. மக்கள் பாடாததற்குக் காரணம் கீபோர்டு இல்லாதது மட்டுமா? பாட்டு தெரியாததும்தான். ஞாயிறுக்கு ஞாயிறு வருகைப் பாடல் புதிது, காணிக்கைப் பாடல் புதிது, திருவிருந்துப் பாடல் புதிது. குழு தன் திறமையைக் காட்டுகிறது, ஜனம் வேடிக்கை பார்க்கிறது. தவக்காலம் ஆறு ஞாயிறு. குருத்து ஞாயிறை விட்டுவிட்டால் ஐந்து. அந்த ஐந்துக்கும் ஒரே வருகைப் பாடல் வையுங்கள். இரண்டாம் வாரம் முணுமுணுப்பார்கள், மூன்றாம் வாரம் பாடுவார்கள், ஐந்தாம் வாரம் குழு நிறுத்தினாலும் நிறுத்த மாட்டார்கள். பதிலுரைப் பாடலைப் படிக்காமல் பாடுங்கள். பல்லவி சின்னதாக இருக்கட்டும். பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவர் முன்னே நின்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

பல்லடத்துத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியதில் ஒரு தொனி இருக்கிறது. சிலுவைப்பாதை, ஆசந்தி, கஞ்சி எல்லாம் ஏதோ இரண்டாந்தரம் என்பது போல. எனக்கு அது உறுத்தியது.

எங்கள் அம்மா தபசுக்காலம் முழுக்க ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு) இருப்பார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் (கறி இல்லாத சாப்பாடு), அரிசிம்பருப்புச் சாதம், ஒரு சொட்டு நெய் கூடக் கிடையாது. இரவு வியாகுலப் பிரசங்கம் வாசிக்க உட்கார்ந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு ஆண்டவருடைய பாடுகள் வரிக்கு வரி மனப்பாடம். 1623இல் ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்த காலத்திலிருந்து இந்தக் கொங்குச் சீமையில் விசுவாசம் இருக்கிறது. நடுவில் சாமியார் இல்லாத வருடங்கள் எத்தனையோ. அப்போதெல்லாம் அதைக் காப்பாற்றியது திட்டம் அல்ல, இந்தக் கண்ணீர்தான். இன்றைக்கும் ஷிப்ட் முடித்து, பஞ்சு ஒட்டிய தலையோடு, ஏழு மணிச் சிலுவைப்பாதைக்கு ஓடி வருகிற பெண்களைப் பாருங்கள். அங்கே அவர்களே முன்னின்று செபிக்கிறார்கள். அதைக் குறைத்து எடை போடாதீர்கள்.

பல்லடம் வழிபாட்டுக்குழு
19 ஜனவரி, இரவு 9.20

டீச்சர் அம்மா, மன்னிக்க வேண்டும். அப்படி நினைத்து எழுதவில்லை, ஆனால் எழுதியது அப்படித்தான் படிக்கிறது. திரும்பப் படித்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமையைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிறை மட்டும் சரி செய்கிறோம்.

கருமத்தம்பட்டி டீச்சர்
20 ஜனவரி, காலை 5.50

தொடாமல் விட வேண்டாம், பல்லடத்துத் தம்பி. அதுவும் தப்பு. இரண்டும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடினால் நீங்கள் சொன்ன அதே படிக்கட்டில்தான் போய் நிற்போம். பக்தி முயற்சிகளையும் திருவழிபாட்டையும் குழப்பிக் கலக்கக்கூடாது, ஆனால் ஒன்றுக்கொன்று இசைந்து போக வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் வத்திக்கான் வழிகாட்டி ஏடு சொல்கிறது.

நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். சிலுவைப்பாதையின் கடைசி நிலை, பதினாலாம் ஸ்தலம் என்ன? ஆண்டவரைக் கல்லறையில் வைப்பது. பாஸ்கா இரவில் புதிய ஏற்பாட்டிலிருந்து வாசிக்கிற திருமுகம் என்ன? உரோமையர் 6. திருமுழுக்கினால் அவரோடு அடக்கம் செய்யப்பட்டோம் என்கிற பகுதி. அப்படியானால் அந்தக் கல்லறைதான் திருமுழுக்குத் தொட்டி! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினாலாம் ஸ்தலத்தில், அந்த மூன்று பேரின் பெயரைச் சொல்லி ஒரு செபம். அவ்வளவு போதும். ஆறு வெள்ளிக்கிழமை சொன்னால், ஈஸ்டர் இரவில் மைக்கில் யாரும் பெயர் கேட்க வேண்டியிருக்காது.

கீபோர்டு தம்பி, சோமனூர்
20 ஜனவரி, காலை 7.30

டீச்சர் அம்மா, உடம்பு சிலிர்த்துவிட்டது.

சேலம் மறைமாவட்டத்துப் பங்குத்தந்தை ஒருவர்
21 ஜனவரி, மதியம் 2.10

அன்பர்களே, இழையை மகிழ்ச்சியோடு படித்தேன். சில நடைமுறை விவரங்கள் மட்டும் சொல்கிறேன்.

திருமுழுக்குப் பெறும் பெரியவர்களின் புகுமுகச் சடங்கு நூலில் இதற்கெல்லாம் இடம் வகுத்திருக்கிறது. தவக்காலம் முதல் ஞாயிறை ஒட்டித் தேர்ந்தெடுக்கும் சடங்கு. பெயர்களைப் பதிவு செய்வார்கள். அதை முறையாக நடத்துபவர் ஆயர். உங்கள் பங்குத்தந்தை இப்போதே ஆயர் இல்லத்தில் கேட்டு வைப்பது நல்லது. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில், மறையுரைக்குப் பிறகு, திருமுழுக்குப் பெறப்போகிறவர்கள் ஞானப்பெற்றோரோடு முன்னே வருவார்கள். சபை அவர்களுக்காக மௌனமாக மன்றாடும், குரு அவர்கள்மேல் கைகளை விரித்துச் செபிப்பார். மூன்றாம் வாரத்தில் விசுவாச அறிக்கையையும் ஐந்தாம் வாரத்தில் இயேசு கற்பித்த செபத்தையும் அவர்களுக்குக் கையளிக்கும் சடங்கு உண்டு. பங்கில் ஞானப்பெற்றோர் இப்போதே முடிவாகிவிட வேண்டும். கடைசி நேரத்தில் பக்கத்து வரிசையைத் தேடக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அந்த மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் நிற்க அவர்களுக்குச் சம்மதமா? நம் ஊரில் சிலருக்கு வீட்டில் சொல்லிவிட்டு வருவதே பெரும்பாடு. சிலருக்கு உறவுக்காரர்கள் பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். நம் சடங்கு அழகாக அமைய வேண்டும் என்பதற்காக ஒருவரையும் சங்கடத்தில் நிறுத்தக்கூடாது. பெயரை மட்டும் சொல்லலாமா, அதுவும் வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

திருவிழிப்புக்கு: பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைக்க வேண்டியிருந்தால் மூன்றாவது இருக்க வேண்டும். விடுதலைப் பயணம் 14, செங்கடலைக் கடந்த பகுதி, எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. அது தண்ணீர் வழியாக விடுதலை பெற்ற கதை. இருட்டிய பிறகுதான் நெருப்பு மூட்ட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் நம் பக்கம் ஆறரை மணிக்குச் சூரியன் மறைந்தாலும் வெளிச்சம் உடனே போகாது, ஆகவே ஏழரைக்கு முன் வேண்டாம்.

இன்னொன்று, ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம். எல்லோரும் பெரிய வாரத்தில் வந்து வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட எங்களால் கொடுக்க முடிவதில்லை. இரண்டாம் வாரத்திலேயே ஒரு மாலை ஒதுக்குங்கள். பக்கத்துப் பங்குச் சாமிமார்கள் அப்போது ஓய்வாக இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

ஈரோட்டு அம்மா
21 ஜனவரி, இரவு 9.00

சாமி, தோத்திரம். வழிபாட்டுக்குழு அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு. எங்கள் பங்கில் வாசகம் வாசிப்பது, பாடுவது, பீடத்தில் நிற்பது எல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள்தான். போன வருடம் என் பெண் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி, ஞாயிறு வாசகம் என்று ஓடி, ஒரு நாள் தேர்வுக்குப் போகிற வழியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திட்டம் போடும்போதே பிள்ளைகளை மார்ச் மாதம் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களை வாசிக்க வையுங்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், குரல் மணி மாதிரி. ஒருத்தரும் அவரைக் கூப்பிட்டது இல்லை. யோவான் 4, 9, 11 வருகிற அந்த மூன்று ஞாயிறும் நற்செய்தி மிக நீளம், சாமி வாசிப்பார். முதல் இரண்டு வாசகமாவது நிறுத்தி நிதானமாக வாசித்தால்தான் ஜனம் தாங்கும். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

காங்கேயம் தோட்டத்துக்காரர்
22 ஜனவரி, காலை 4.45

பால் கறக்கப் போகும் முன் எழுதுகிறேன். குருத்து ஞாயிறு பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் தோப்பில் போய்த் தென்னங்குருத்தை வெட்டிக்கொண்டு வருகிறீர்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். குருத்தை வெட்டுகிறபோது அரிவாள் கொஞ்சம் ஆழமாகப் பட்டால் அந்த மரம் அவ்வளவுதான். ஏற்கெனவே பொள்ளாச்சிப் பக்கம் வாடல் நோயிலும் வெள்ளை ஈயிலும் மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தோப்புக்காரர் சாமி காரியம் என்று வாய் திறக்க மாட்டார், உள்ளே வயிறு எரியும். எங்கள் பக்கம் பனை நிறைய இருக்கிறது. பனையோலை கேளுங்கள். ஏறுகிற ஆளுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். ஓலையைக் கிழித்துச் சிலுவை பின்னுவதற்கும் பனைதான் வாகு.

போன வருடத்துக் குருத்தோலையை வீடுகளிலிருந்து வாங்கி எரித்துத்தான் திருநீறு செய்ய வேண்டும். அதற்கு இப்போதே அன்பியங்களில் சொல்லிவையுங்கள். பாதிப் பேர் படத்துக்குப் பின்னால் சொருகியிருப்பார்கள், எடுத்துத் தரச் சொன்னால் ஒரு வாரம் ஆகும்.

பிறகு ஒன்று. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுமுடியிலிருந்து காவேரித் தீர்த்தம் முத்தரித்து (எடுத்து) காவடியில் கட்டி, பழனி வரைக்கும் கால்நடையாகப் போவார்கள். வருடா வருடம் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் இறங்கி மோர் குடித்துவிட்டுப் போவார்கள். நான் அந்தக் குடங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தண்ணீருக்கு எவ்வளவு மரியாதை! நாம் பாஸ்கா இரவில் ஆசீர்வதிக்கிற தண்ணீரைக் கோயில்பிள்ளை குழாயில் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். யாருடைய தண்ணீர் அது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பல்லடம் வழிபாட்டுக்குழு
22 ஜனவரி, இரவு 10.05

மாமா, கடைசிப் பத்தியை நான்கு தடவை படித்தேன்.

அன்பியத்துக்கு ஒரு குடம். எங்கள் பங்கில் பதினோரு அன்பியம். ஒவ்வொன்றும் தன் தெருவில் குடிக்கிற தண்ணீரை, எது கிடைக்கிறதோ அதை, சனிக்கிழமை இரவு கொண்டுவந்து திருமுழுக்குத் தொட்டியில் ஊற்றட்டும். அந்தத் தண்ணீரைச் சாமி ஆசீர்வதிப்பார். அதில்தான் அந்த மூன்று பேரும் திருமுழுக்குப் பெறுவார்கள், அதைத்தான் நம் எல்லோர்மேலும் தெளிப்பார்.

சமாரியப் பெண் ஞாயிறன்று இதை அறிவித்தால், நான்கு வாரம் மக்கள் மனதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபாதர், இதில் தவறு ஏதும் உண்டா?

சேலம் மறைமாவட்டத்துப் பங்குத்தந்தை ஒருவர்
23 ஜனவரி, காலை 11.30

தவறு இல்லை. தண்ணீரைத் திருவிழிப்பு தொடங்கும் முன்பே ஊற்றிவிடுங்கள். நடுவில் தனியாக ஒரு பவனி வைத்தால் அது சடங்கின் ஓட்டத்தை இழுத்துவிடும். சிறு பந்தலில் குடங்களை வைத்து, வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஊற்றட்டும். நெருப்பு மூட்டும்போது தொட்டி நிரம்பியிருக்கட்டும்.

மார்ச் 8 மன்றாட்டுகளில் நொய்யலை மறக்காதீர்கள். சாயக்கழிவால் அந்த ஆறு என்ன ஆனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் பிழைப்பு. இரண்டுக்காகவும் மன்றாட வேண்டும். தவம் உள்ளுக்குள் மட்டும் நடப்பதாக இருக்கக்கூடாது, வெளியிலும் சமூகத்திலும் தெரிய வேண்டும் என்கிறது நீங்கள் சொன்ன அதே கொள்கைத்திரட்டின் அடுத்த எண், 110.

திருப்பூர் இந்திக்குழு
25 ஜனவரி, இரவு 11.20

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் பல்லடம் பக்கமும் இவர்கள் தறிகளில் நிறைய இருப்பார்கள். பின்வரிசையில் நிற்பார்கள், பூசை முடிந்ததும் போய்விடுவார்கள். பங்குப் பேரவையில் ஒருவரும் இருக்க மாட்டார்.

பலரும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஊரில் சாத்ரி மொழியில் பாடுவார்கள், மாந்தர் என்ற மத்தளம் அடிப்பார்கள். தவக்காலத்தில் அதை எடுத்து வைத்துவிட்டு ஈஸ்டருக்குத்தான் மறுபடி எடுப்போம் என்று ஒரு பையன் சொன்னான். கீபோர்டு தம்பி இதைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை சந்தை, துணி துவைப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது. அதில் ஒரு மணி நேரம் கோயிலுக்கு. போன வருடம் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்று பெரிய வெள்ளி மதியம் மூன்று மணிக்கும் பிள்ளைகளை விடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு விடுதி மாடியில் நாங்களே சிலுவை முத்தி (சிலுவையை முத்தமிடும் வழிபாடு) செய்தோம். ஒருவன் இரண்டு மரச்சட்டத்தைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தான்.

திட்டத்தில் இரண்டு காரியம் சேர்க்க முடியுமா? திருவிழிப்பின் ஏழு வாசகத்தில் ஒன்றாவது இந்தியில் இருக்கட்டும். தமிழ்ச் சபைக்கு அச்சில் சுருக்கம் கொடுங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆண்கள் மட்டும் என்ற விதியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஜனவரியில் மாற்றிவிட்டார், பெண்கள் விடுதியிலிருந்தும் கூப்பிடலாம்.

பல்லடம் வழிபாட்டுக்குழு
26 ஜனவரி, காலை 9.10

இரண்டும் சேர்த்தாகிவிட்டது. செங்கடல் வாசகம் தமிழில் இருக்கட்டும். எசாயா 55, "தாகமாயிருப்போரே" என்று அழைக்கிற பகுதி, அதை இந்தியில் வைக்கிறோம்.

திட்டம் கொடுத்தாகிவிட்டது. பங்குத்தந்தை படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த மூணு பேரையும் கேட்டாச்சா?" இருவர் முன்னே வரச் சம்மதம். ஒருவர் பெயர் மட்டும் போதும் என்றார். அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

கீபோர்டு தம்பி, சோமனூர்
2 மார்ச், இரவு 9.45

இரண்டு ஞாயிறு முடிந்தது, எங்கள் பங்கிலும் முயற்சி செய்தோம். ரிதம் பேட் பெட்டிக்குள் போய்விட்டது. பாடலுக்கு முன் முகப்பிசை கிடையாது, இடையிசை கிடையாது, சாமி அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது பின்னணி எதுவும் கிடையாது. மெட்டை மட்டும் வாசிக்கிறேன். திருநீற்றுப் புதனன்று சுருதி தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அதனால் இப்போது ஒரு சுரம் மட்டும் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன், பிடித்துக்கொள்கிறார்கள். டீச்சர் அம்மா சொன்ன ஒரே வருகைப் பாடல், நேற்று ஆண்கள் பக்கத்திலிருந்தும் கேட்டது. திருவிருந்து முடிந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தோம். வெளியே ரோட்டில் போகிற பஸ் ஹாரன் கேட்டது. அது வரைக்கும் அந்த மௌனத்தை நான் கேட்டதே இல்லை, நான்தான் எப்போதும் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேனே.

15ஆம் தேதி நான்காம் ஞாயிறு முழுசாக வாசிப்பேன். பீடத்தில் பூவும் வைக்கலாம். 19 சூசையப்பர், 25 மங்கள வார்த்தை, அந்த இரண்டு நாளும், தவக்காலத்தில் மற்றபடி பாடாத வானவர் கீதம் உண்டு. அதற்கும் பயிற்சி நடக்கிறது. அல்லேலூயாவை மட்டும் எவரும் வாய்தவறிக்கூடப் பாடிவிடக்கூடாது என்று பீடச்சிறுவர்கள் எனக்கு எச்சரிக்கை விடுகிறார்கள்.

ஈரோட்டு அம்மா
3 மார்ச், காலை 6.30

போஸ்ட்மாஸ்டர் ஐயா ஞாயிறு வாசித்தார். என் பெண் வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நன்றி.

காங்கேயம் தோட்டத்துக்காரர்
3 மார்ச், காலை 9.00

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் சண்டை. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், நோன்பு இல்லை. திருச்சபைச் சட்டப்படி நோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான், 18 வயதிலிருந்து 59ஆவது பிறந்தநாள் வரை. சட்டம் அவ்வளவுதான் என்று சொன்னேன். என் சம்சாரம், "சட்டத்துக்காகவா இருக்கறோம்?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்கறிக் காசை உண்டியலில் போட்டுவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பல்லடம் வழிபாட்டுக்குழு
8 மார்ச், மதியம் 1.40

இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தேன். முழு நற்செய்தியும் வாசித்தார் சாமி, சுருக்கவில்லை. மறையுரைக்குப் பிறகு இருவர் முன்னே வந்து தலை குனிந்து நின்றார்கள். மூன்றாமவர் தன் இடத்திலேயே முழங்காலில் இருந்தார். அவரும் அங்கேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சபை முழுக்க மௌனம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, மூன்று வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் கேட்டுப் பழகிய அந்த மூன்று பெயர்களையும் தானாகவே சத்தமாகச் சொன்னார். மூன்றாவது பெயர் வந்தபோது முழங்காலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். போன வருடம் திருமுழுக்குப் பெற்ற அந்தப் பெண்தான் இந்த வருடம் ஒருவருக்கு ஞானத்தாய். தோளில் வலது கையை வைத்துக்கொண்டு நின்றார்.

குடம் அறிவிப்பும் ஆயிற்று. வாசலிலேயே பதில் வந்துவிட்டது. இரண்டு அன்பியம் ஆயிரம் அடிக்கு மேல் போன போர்வெல் தண்ணீர். ஒன்று பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரத்துக் கிணறு. அவினாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள், அத்திக்கடவுத் திட்டத்தில் தங்கள் ஊர்க்குளம் நிரம்பியிருக்கிறது, அங்கிருந்து கொண்டுவருகிறோம் என்கிறார்கள். ஒரு தெருவில் லாரித் தண்ணீர்தான். அதைக் கொண்டுவரலாமா என்று வெட்கத்தோடு கேட்டார்கள். அதுவும்தான், அதைத்தான், என்று சொன்னேன்.

திருப்பூர் இந்திக்குழு
8 மார்ச், இரவு 10.30

அண்ணா, உங்கள் பங்கின் எல்லையில் இருக்கிற பையன்கள் ஆறு பேர் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் எந்த அன்பியத்திலும் இல்லை. விடுதி மாடித் தொட்டியில் பிடித்துக்கொண்டு வந்தால் ஊற்ற விடுவார்களா?

பல்லடம் வழிபாட்டுக்குழு
8 மார்ச், இரவு 10.42

பன்னிரண்டாவது குடம் அவர்களுடையது. எவர்சில்வர் குடம் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கழுவி வைக்கிறேன். ஏப்ரல் 4 மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர்கள் கம்பெனியில் அன்று ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், பங்குப் பேரவையிலிருந்து இரண்டு பேர் நேரில் போய் முன்கூட்டியே பேசிவிடுகிறோம்.